ஜன்னலைச் சாத்துடா!

ஏற்காட்டில் மேகம் இறங்கினால் தேனிலவு ஜோடிகளுக்குக் குஷி. எங்கப்பாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். "ஜன்னலைச் சாத்துடா!" என்று அலறுவார்.

அப்பா டிராஃப்ட்ஸ்மேன். சேலத்து ஆபீஸ் வேலையைத் தகர உருளையில் சுருட்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, ராத்திரியில் வரைவார். டிரேஸிங் பேப்பருக்கு ஈரம் ஆகாது. நமுத்த அப்பளமாக நெளியும். கோட்டின் நீளமே கொஞ்சம் மாறிவிடும். அதனால்தான் பிளான் ஓரத்தில் ஒரு வரி எழுதுவார்கள்: ஸ்கேல் வைத்து அளக்காதே, எழுதியிருக்கும் அளவைப் பார்.

அதற்கும் முந்தி டிரேஸிங் துணியாம். கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கிய மெல்லிய துணி. வேலை முடிந்ததும் துவைத்துக் கைக்குட்டை தைத்துக்கொள்வார்களாம். (யார் பங்களாவில் மூக்கைச் சிந்தினார்களோ!) நகலுக்கு ப்ளூ பிரிண்ட். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. நீலத்தில் வெள்ளைக் கோடு. பிறகு அம்மோனியா பிரிண்ட். அந்த நெடியில் கடைக்காரர் கண்ணில் எப்போதும் தண்ணீர். பாவம், என்ன சோகமோ என்று நான் பேரம் பேசாமல் வந்ததுண்டு.

2000-ம் வருஷம், தீபாவளிக்கு முன்னால். நான் நாலாங் கிளாஸ். அப்பா சாப்பிடப் போன நேரம், ராட்ரிங் பேனாவை எடுத்து உதறினேன். மூன்று ராத்திரி வேலை மேல் சொத்தென்று ஒரு சொட்டு.

அப்பா திட்டவில்லை. பாதி பிளேடை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினார். சுரண்டின இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவார், தடயமே இருக்காது. அன்றைக்கு ஜன்னலும் திறந்திருந்தது (அதுவும் நான்தான்). ஊறிய பேப்பர் ஓட்டையாகிவிட்டது.

மறுபடி மூன்று ராத்திரி. பிளான் தாமதம், ஓவர்டைம் பணம் கோவிந்தா, தீபாவளிக்கு யாருக்கும் புதுத்துணி இல்லை. அம்மா பிடிபிடி என்று பிடித்தாள். "கை தவறிடுச்சு" என்றார் அப்பா.

சில வருஷம் கழித்து ஆபீஸில் ஆட்டோகேட் வந்தது. வெளியுலகத்தில் அது 1982-லேயே வந்தாச்சு. சேலத்துக்கு வரத்தான் நாளாகிவிட்டது. இருபது வயசுப் பையன் ஒருத்தன் அப்பாவுக்கு மௌஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். முதல் நாள் வீட்டுக்கு வந்தவர், "கன்ட்ரோலும் இசட்டும் அமுக்கினா போட்ட கோடு போயிடுதுடா! பிளேடே வேணாம்!" என்றார், நம்ப முடியாமல்.

"அன்னிக்கு உங்க கை தவறினப்போ இது இருந்திருக்கணும்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

அப்பா ரிட்டயராகிவிட்டார். பி.காம். படித்த எனக்கு, நேர்கோடு இன்னமும் கோணல்தான்.

அம்மா இந்தப் பத்திரிகையை அட்டை டு அட்டை படிப்பவள். அம்மா... அந்தப் பேனாவை உதறினது நான்தான்.