படிவத்தில் இடம் பெறாத பதினொரு மாதங்கள்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

இந்த வாரம் ஒரு வேலை விண்ணப்பத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். சம்பந்தப்பட்ட சகோதரி, தம் பெயரைக் குறிப்பிடாமல் இதை எழுதிக்கொள்ளலாம் என்று மனமுவந்து இசைவு தந்திருக்கிறார். என்னைப் பற்றிய பகுதிக்கு எவருடைய இசைவும் தேவையில்லை. அது நான் அறிக்கையிடவேண்டிய ஒன்று.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, நம் சபையைச் சேர்ந்த அந்தச் சகோதரி ஆலய அலுவலகத்துக்கு வந்தார். ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளத் துறையில் பணியாற்றியவர். முதுகலைப் பட்டம் பெற்றவர். ஜெனீவாவிலுள்ள ஐக்கிய நாடுகள் அலுவலகத்தில் மனிதவள அலுவலர் பணிக்குத் தற்காலிகமாக ஒருவரைத் தேடுகிறார்கள் என்ற அறிவிப்பைத் தம் கைப்பேசியில் எனக்குக் காட்டினார். அவர் முகத்தில் நெடுநாளாக நான் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது.

இத்தகைய பணியைப் பற்றி நீங்கள் அறிந்திராமல் இருக்கலாம். ஐக்கிய நாடுகள் அமைப்பில் தற்காலிக நியமனம் என்பது ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்கு உரியது. விடுப்பில் சென்ற ஒருவருடைய இடத்தை நிரப்பவோ, திடீரென்று பெருகிய வேலையைச் சமாளிக்கவோ இவ்வாறு ஆட்களை எடுக்கிறார்கள். காலம் முடிந்ததும் பணி நீடிக்கும் என்று எதிர்பார்க்க நியமனம் பெற்றவருக்கு உரிமை இல்லை. விண்ணப்பத்தை ‘இன்ஸ்பைரா’ என்னும் இணையத்தளத்தில் நிரப்பவேண்டும். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை எங்கே வேலை செய்தீர்கள், என்ன பொறுப்பு வகித்தீர்கள் என்று ஒவ்வொரு பணியையும் தனித்தனியே எழுதவேண்டும். எழுதியவை யாவும் உண்மையே என்று முடிவில் உறுதிமொழி அளிக்கவேண்டும். பொய் என்று பின்னர் தெரிந்தால், பணியில் சேர்ந்த பிறகும் நீக்கப்படலாம்.

அந்தப் பணி பி-3 என்னும் நிலையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். நம் சகோதரிக்கு இருந்ததோ 4 ஆண்டும் 3 மாதமும். இடையிலே 11 மாதங்கள் அவர் எங்கும் வேலை செய்யவில்லை. அந்த மாதங்களில் அவர் எங்கே இருந்தார் என்பதை நான் நன்றாய் அறிவேன். பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த தகப்பனாரின் அருகிலே இருந்தார். படுக்கைப்புண் வந்துவிடாதபடி இரவும் பகலும் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார். நான் திருவிருந்து கொடுக்க அந்த வீட்டுக்குச் சென்றபோதெல்லாம், அப்பத்தைத் தகப்பனாரின் வாயில் வைப்பதற்கு அவருடைய தலையை மெதுவாய்த் தாங்கிப் பிடித்த கைகள் அந்த மகளுடைய கைகளே. அந்தத் தகப்பனாரை நல்லடக்கம் செய்தவனும் நானே.

சகோதரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஐயா, அந்தப் பதினொரு மாதமும் நம்முடைய சபை அலுவலகத்தில் மனிதவளப் பொறுப்பாளராக இருந்தேன் என்று ஒரு சான்று தருவீர்களா? விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆசிரியர்களை நான்தானே ஒழுங்குபடுத்தினேன்?”

ஒழுங்குபடுத்தியது உண்மைதான். அது மொத்தம் பத்து நாள் வேலை. ஆனால் 11 மாதங்களைச் சேர்த்தால் கணக்கு 5 ஆண்டைத் தாண்டிவிடும். நான் மறுக்கவில்லை. “நாளை ஆராதனை முடிந்து வாங்கிக்கொள், அம்மா” என்று சொல்லி அனுப்பினேன். அன்றிரவே சபையின் முகப்புத்தாளில் கடிதத்தை எழுதினேன். கையெழுத்து மாத்திரம் பாக்கி.

அன்பானவர்களே, நான் ஏன் எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். இந்தப் பிள்ளை தகப்பனுக்காக எவ்வளவோ இழந்தாள். உலகம் அதை ஓர் அனுபவமாக எண்ண மறுக்கிறது. சபையாவது ஈடுசெய்யட்டும் என்று எண்ணினேன். அது எனக்கு இரக்கமாகத் தோன்றியது. பொய் பெரும்பாலும் இரக்கத்தின் அங்கியை உடுத்திக்கொண்டுதான் ஆயர்களின் வாசலைத் தட்டுகிறது.

மறுநாள் பிரசங்கத்துக்காக நான் ஆயத்தம் செய்துகொண்டிருந்தது யாக்கோபின் சரித்திரம். ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தில், பார்வை மங்கிய ஈசாக்கு தன் முன்னே நிற்பவனிடம் அவன் யார் என்று கேட்கிறான். யாக்கோபு தன் அண்ணனுடைய பெயரைச் சொல்லுகிறான். கைகளிலே ஆட்டுத்தோல், உடம்பிலே ஏசாவின் உடை. குரலைக் கேட்டுத் தகப்பனுக்குச் சந்தேகம் எழுகிறது. ஆயினும் ஆசீர்வாதம் கிடைத்துவிடுகிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்த ஆசீர்வாதத்தோடு அவனால் அந்த வீட்டிலே குடியிருக்க முடியவில்லை. ஓடிப்போகிறான். லாபானின் வீட்டில் 20 ஆண்டுகள் கழிகின்றன. ஆதியாகமம் 32-இல், யாப்போக்கு ஆற்றின் துறையிலே, இரவெல்லாம் அவனோடு போராடியவர் அவனுடைய பெயரைக் கேட்கிறார். இப்பொழுதும் அவன் நாடுவது ஆசீர்வாதமே. இப்பொழுதும் கேள்வி ஏறக்குறைய அதுவே. இம்முறை அவன் தன் சொந்தப் பெயரைச் சொல்லுகிறான். அதன் பிறகே அவனுக்குப் புதிய பெயர் கிடைக்கிறது.

இதைத் தியானித்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தேன். அந்த மகளின் கைகளில் ஆட்டுத்தோலைக் கட்டிவிடுகிறவன் நானல்லவா? தகப்பனைத் தாங்கிய கைகளை மறைத்துவிட்டு, இல்லாத ஓர் அலுவலரின் கைகளை அவளுக்குப் பூட்டிவிடுகிறேனே!

பிரியமானவர்களே, என் சொந்தக் கதை ஒன்றும் அன்றிரவு எனக்கு முன் வந்து நின்றது. இறையியல் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எனக்கு வயது இருபதைச் சற்றுக் கடந்திருந்தது. கிராம ஊழிய அனுபவம் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இரண்டு மூன்று முறை மாத்திரமே போய்வந்த ஒரு கிராமத்தின் பெயரை எழுதி, ஓராண்டு ஊழியம் என்று குறித்தேன். நேர்காணலில் ஒரு முதியவர், “அந்த ஊரில் எத்தனை குடும்பங்கள், தம்பி?” என்று கேட்டார். “முப்பது, ஐயா” என்றேன். அவர் தலையசைத்தார், எனக்கு இடம் கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அடக்க ஆராதனைக்காக அந்த ஊருக்குச் சென்றேன். பிரேதத்தின் பின்னே நடந்தபடி என்னையறியாமல் வீடுகளை எண்ணினேன். பன்னிரண்டு. அன்று நான் ஜெபித்த ஜெபம் என் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. தேவன் என்னை மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் இன்றும் எவராவது என் ஊழியத்தின் தொடக்கத்தைக் கேட்டால், முப்பது என்ற அந்த எண்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஞாயிறன்று அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை எழுதி வைத்தேன். அவர் வந்ததும் முதலில் என் கதையைச் சொன்னேன். பிறகு என் மனதில் இருந்ததைச் சொன்னேன். “அம்மா, நீ போக விரும்புவது பிறருடைய சான்றுகளைச் சரிபார்க்கும் இருக்கைக்கு. நீ எழுதியதைப் போன்ற ஒரு வரியோடு நாளை ஒருவர் உன் முன் வந்தால் நீ என்ன செய்வாய்? அந்தப் பொய் ஒரு வரியோடு நிற்குமா? நேர்காணலில், உன் அனுபவத்திலிருந்து ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல், நீ என்ன செய்தாய், என்ன விளைந்தது என்றுதான் கேட்பார்கள். நடக்காத மாதங்களுக்கு நடக்காத சம்பவங்களையும் நீ உண்டாக்கவேண்டியிருக்கும்.”

அவர் அமைதியாய்க் கேட்டார். பிறகு சொன்ன வார்த்தையை நான் மறக்கமாட்டேன். “உங்களுக்கு அது ஒரு கையெழுத்து, ஐயா. எனக்கு அது ஒரு வாசல்.” புதிய கடிதத்தை வாங்காமலே போய்விட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வழக்கமாய் அமரும் இடம் காலியாயிருந்தது. உண்மையைச் சொன்னதற்காக என்னை மெச்சிக்கொள்ள எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. சனிக்கிழமையே சொல்லியிருந்தால், ஓரிரவு வளர்ந்த நம்பிக்கையை ஞாயிறன்று முறித்திருக்கவேண்டியதில்லை.

விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துபோயிற்று.

மூன்றாம் ஞாயிறன்று அவர் வந்தார். மேசையறையில் இருந்த கடிதத்தைக் கேட்டார். அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவே: இவர் பத்து நாள் எங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளியின் தொண்டர்களை ஒழுங்குபடுத்தினார், பதினொரு மாதம் தம் தகப்பனாரைப் பராமரித்தார், இரண்டையும் என் கண்களால் கண்டேன். அவர் அதை வாசித்து அழுதார். “இதைப் படிவத்தில் எங்கே எழுதுவது, ஐயா?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி அது. அந்தப் படிவத்தில் தகப்பனைப் புரட்டிப் படுக்கவைத்த மாதங்களுக்கு அனுபவ மதிப்பு இல்லை. நான் அதை மறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் மனிதருடைய படிவத்தில் இடமில்லாத காலம் தேவனுடைய கணக்கிலும் இல்லாமற்போகுமோ? மோசே மீதியானிலே ஆடு மேய்த்த 40 ஆண்டுகளை எந்த அதிகாரியும் அனுபவமாக ஏற்றிருக்கமாட்டான். நம் ஆண்டவர் ஏறக்குறைய 30 வயதில் ஊழியத்தைத் தொடங்கினார் என்று லூக்கா எழுதுகிறார். அதற்கு முந்திய ஆண்டுகளில் பெரும்பகுதியைச் சுவிசேஷங்கள் மௌனமாய்க் கடந்துபோகின்றன. தச்சர் என்று ஊரார் அழைத்தது மாத்திரம் நமக்குத் தெரியும். ஆயினும் யோர்தான் கரையில் பிதா அவர்மேல் தம் பிரியத்தை அறிவித்தது, முதல் அற்புதம் நிகழும் முன்பே. நாசரேத்தின் அந்த ஆண்டுகளைப் பிதா பார்த்திருந்தார்.

தற்காலிகம் என்ற சொல்லையும் நினைத்துப்பாருங்கள். ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அலுவலகம் இயங்கும் பெரிய மாளிகை முதலில் சர்வதேச சங்கத்துக்காகக் கட்டப்பட்டது. உலகத்துக்கு நிலையான சமாதானத்தைத் தரவேண்டும் என்று 1920-இல் எழுந்த அந்தச் சங்கம் 1946-இல் கலைக்கப்பட்டது. மாளிகை நிற்கிறது, கட்டியவர்களின் அமைப்பு இல்லை. அப்படியிருக்க, ஓராண்டும் நீடிக்காத ஒரு நாற்காலிக்காக, வாழ்நாள் முழுதும் நம்மோடு வரவேண்டிய மனச்சாட்சியைக் கொடுத்துவிடலாமா?

உலக வேலையை நான் சிறுமைப்படுத்துவதாக எண்ணவேண்டாம். 1945-இல் கையொப்பமான ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 101-ஆம் பிரிவு, பணியாளரைத் தேர்ந்தெடுப்பதில் திறமையோடும் தகுதியோடும் நேர்மையையும் முதன்மையாக வைக்கிறது. பல நாட்டவருக்கும் இடம் கிடைக்கவேண்டும் என்றும் சொல்லுகிறது. அந்த அமைப்பு தன் பணியாளரிடம் எதிர்பார்க்கும் விழுமியங்களில் தாழ்மையும் ஒன்று. நம் பிள்ளைகள் அங்கே விண்ணப்பிக்கட்டும், தைரியமாய் விண்ணப்பிக்கட்டும். ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்: தேர்வின் எந்தக் கட்டத்திலும் ஐக்கிய நாடுகள் அமைப்பு கட்டணம் வாங்குவதில்லை. பணம் கேட்கிறவன் எவனாயினும் ஏமாற்றுக்காரன்.

பெற்றோரே, பிள்ளையின் வேலையில்லாத மாதங்களைக் குறித்து உறவினர் முன் வெட்கப்படாதிருங்கள். உங்கள் வெட்கமே அவர்களைப் பொய்யை நோக்கித் தள்ளக்கூடும். சான்று எழுதும் நிலையில் இருப்பவர்களே, உங்களுக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லுகிறேன்: கண்டதை எழுதுவோம்; ஆனால் கண்டதை முழுமையாய், அன்போடு எழுதுவோம். பல வேளைகளில் நம் சான்றுகள் சோம்பலாக இருப்பதால்தான் பிள்ளைகளுக்குப் பொய்ச் சான்று தேவைப்படுகிறது.

அந்தச் சகோதரி அண்மையில் இன்னொரு தற்காலிகப் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறார். பி-2 நிலை, 2 ஆண்டு அனுபவம் போதும். பதினொரு மாத இடைவெளியை அவர் எதைக்கொண்டும் மூடவில்லை. பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். ஆனால் அந்தப் படிவத்தில் இருப்பது அவருடைய சொந்தப் பெயரும் சொந்த நாட்களுமே. அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபிப்போம். எங்கள் நாட்களையெல்லாம் அறிந்திருக்கிற பிதாவே, நாங்கள் யார் என்று நீர் கேட்கும்போது எங்கள் சொந்தப் பெயரைச் சொல்லும் தைரியத்தைத் தாரும். எவரும் எண்ணாத எங்கள் மாதங்களை நீர் கண்டீர் என்ற ஆறுதலைத் தாரும். வேலைக்காகக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையான வாசல்களைத் திறந்தருளும். அவர்களுக்காகக் கையெழுத்திடும் எங்கள் கைகளைச் சுத்தமாய்க் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்