தமிழ் என்றால் எந்த நாடு?

லினக்ஸை நிறுவத் தொடங்கினால் அது முதலில் கேட்கிறது: என்ன மொழி? எந்த நாடு? ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் நிரப்பிய எங்களுக்கு இது பழகின கேள்விதான். மற்றவர்களுக்கு ஒரு நொடியில் முடிகிற விசயம். எங்களுக்குத்தான் அதில் ஒரு கதை இருக்கிறது.

மொழியும் நாடும் சேர்ந்த இந்தச் சோடியை லொக்கேல் என்பார்கள். டெபியன் போன்றவற்றில் தமிழுக்கு இரண்டே சோடிகள்: தமிழ்-இந்தியா (டிஏ_ஐஎன்), தமிழ்-இலங்கை (டிஏ_எல்கே). தமிழ்-ஜேர்மனி இல்லை. தமிழ்-கனடாவும் இல்லை. ஒன்றைத் தெரிந்தால் இந்திய ரூபாய் வரும். மற்றதைத் தெரிந்தால், விட்டு ஓடிவந்த நாடு கணினிக்குள் வந்து குந்திவிடும்.

இதனாலேயே பலர் ஆங்கிலத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தேவையில்லை. லொக்கேல் ஒரே கட்டி அல்ல. மொழி, திகதி, எண், காசு, அகரவரிசை எல்லாம் தனித்தனிப் பிரிவுகள். லொக்கேல்.ஜென் கோப்பில் தமிழ், ஜேர்மன் இரண்டு வரிகளுக்கும் முன்னால் உள்ள # குறியை அழித்து, லொக்கேல்-ஜென் கட்டளையை ஓட்டுங்கள். பிறகு லாங் என்பதற்கு டிஏ_எல்கே.யூடிஎஃப்-8 கொடுங்கள். எல்சி_டைம், எல்சி_நியூமெரிக், எல்சி_மொனெட்டரி மூன்றுக்கும் டிஇ_டிஇ.யூடிஎஃப்-8. பட்டியல்கள் தமிழில் வரும். காசு யூரோவில் நிற்கும். ஒன்றரையை இங்கத்தைய வழக்கப்படி 1,5 என்று காட்டும். எல்சி_ஆல் என்பதை மட்டும் தொடாதீர்கள். அது மற்ற எல்லாவற்றையும் மேவிவிடும். பிரான்சில் இருப்பவர்கள் எஃப்ஆர்_எஃப்ஆர், நோர்வேயில் இருப்பவர்கள் என்பி_என்ஓ என்று மாற்றிக்கொள்ளலாம்.

அகரவரிசையைத் தமிழிலேயே விடுங்கள். வெறும் 'சி' லொக்கேலில் யுனிகோட் எண்படி அடுக்குவதால் கற்பகம் முதலிலும் கவிதா பின்னாலும் வருவார்கள். எங்கள் நெடுங்கணக்கில் வகரம் முந்தியது, றகரம் பிந்தியது. சங்கத்து அங்கத்தவர் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு இது விளங்கும்.

லாங்குவேஜ் என்ற மாறியில் டிஏ:டிஇ என்று எழுதினால், தமிழாக்கம் இல்லாத இடத்தில் ஆங்கிலத்துக்குப் பதிலாக டொச் வரும். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது மெத்த உதவி. என் மகளுக்குத் தமிழ்ப் பள்ளியில் படித்த 'கோப்பு' என்ற சொல் ஒரு வேலைக்கு உதவியது இந்தத் திரையில்தான்.

இன்னொன்று. நாட்டுப் பெயரோடு தேடியும் கிடைக்காவிட்டால் கணினி வெறும் 'டிஏ' என்ற அடைவுக்குப் போகும். தன்னார்வலர்கள் செய்த தமிழாக்கங்களில் பெரும்பாலானவை அங்கேதான் கிடக்கின்றன. அந்த அடைவுக்கு நாடு இல்லை. இந்தியா என்று போட்டாலும் இலங்கை என்று போட்டாலும் நாங்கள் வாசிப்பது அந்த ஒரே தமிழைத்தான். நாட்டுப் பெயரைப் பார்த்துத் தயங்கித் தமிழை விடாதீர்கள்.