ஊருக்கே சிஸ்டர், எனக்கு மட்டும் அக்கா

எங்க அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவங்க ரொம்பக் கம்மி. எழுபது வயசுத் தாத்தாவும் "சிஸ்டர்"ம்பாரு, ஏழு வயசு வாண்டும் "சிஸ்டர்"ம்பான். மாவட்டத் தலைநகர் ஒண்ணுல இருக்குற அரசு ஆஸ்பத்திரியில, அவசர சிகிச்சைப் பிரிவுல, அதாவது நம்ம பாஷையில கேஷுவாலிட்டியில, நாலு வருஷமா அவ ஸ்டாஃப் நர்ஸ்.

நர்ஸ்னா ஊசி போடுவாங்க, டாக்டர் பின்னாடி ஃபைலைத் தூக்கிட்டுப் போவாங்கன்னு தான் சினிமா நமக்குக் காட்டியிருக்கு. அக்கா நைட் டூட்டி முடிச்சு வந்து, காபி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்ற கதையெல்லாம் வேற. நோயாளி பேரோ ஊரோ சொல்லவே மாட்டா. நடந்ததை மட்டும் சொல்லுவா. அதுல கொஞ்சம் தான் இங்க எழுதுறேன்.

வந்த வரிசையில நடக்காத க்யூ

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்ல ப்ரையாரிட்டி க்யூன்னு ஒண்ணு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? முதல்ல வந்தது முதல்ல போகாது, முக்கியமானது முதல்ல போகும். கேஷுவாலிட்டி ஓடுறதே அப்படித்தான். அதுக்குப் பேர் ட்ரையாஜ். நெப்போலியன் படையில இருந்த லாரேன்னு ஒரு டாக்டர், பதவியைப் பார்க்காம காயத்தைப் பார்த்து சிகிச்சை கொடுத்ததுலேர்ந்து வளர்ந்த முறை. இன்னைக்கு சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மூணு பிரிவு. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தலையில பலத்த அடி எல்லாம் சிவப்பு. விரல் வெட்டு, சாதாரண காய்ச்சல் பச்சை.

ஆனா பச்சையில உக்காந்திருக்குறவருக்கு அவர் வலி தான் பெருசு. "ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன், இப்ப வந்தவனை உள்ள விடுறீங்க?"ன்னு கத்துவாரு. உள்ள ஒருத்தருக்கு சட்டையைக் கத்தரிச்சு, வென்ஃப்ளான் போட்டு, பி.பி. பார்த்து, சக்‌ஷன் வெச்சு, ஆக்சிஜன் மாட்டிக்கிட்டு இருக்குறது வெளிய தெரியாது. "சிஸ்டருங்க எல்லாம் சிடுசிடுன்னு இருப்பாங்க"ன்னு நாம சொல்றது பாதி இங்க தான் ஆரம்பிக்குது. ஒரு தடவை ஒரு அட்டெண்டர் அக்கா மேல ட்ரேயைத் தூக்கி எறிஞ்சாரு. ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்கினா தண்டிக்க 2008லேயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்திருக்கு. "சட்டம் இருக்குடா, அந்த நேரத்துல பக்கத்துல ஆள் தான் இல்ல"ன்னா.

"கட்டிடுச்சு"

போன ஐப்பசியில ஒரு நாள், சாயங்காலம் வரப்புல புல்லு அறுத்துக்கிட்டு இருந்த ஒரு அம்மாவைக் கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு. 108ல கொண்டு வந்தாங்க. விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் இருக்கு. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி ட்யூப்ல கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் வெச்சுட்டு, மெதுவா சாய்ச்சுப் பார்க்கணும். கட்டியிருந்தா நல்லது. தண்ணியா ஓடினா விஷம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ட்யூப் தான் சென்சார், கைக்கடிகாரம் தான் டைமர்.

அன்னைக்கு ஓடிடுச்சு. பத்து வயல் விஷமுறிவு மருந்து ஏத்தினாங்க. "வயல்ல கடிச்சதுக்கு மருந்தும் வயல்ல தான் வருது"ன்னு அக்கா கடி ஜோக் சொல்லுவா. ஆனா மருந்து ஏறும்போது ஜோக் எல்லாம் கிடையாது. சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்காம பி.பி. இறங்கிடும், மூச்சு அடைக்கும். அதனால பக்கத்துல அட்ரினலினைத் தயாரா வெச்சுக்கிட்டு முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கணும். ஆறு மணி நேரம் கழிச்சு திரும்ப அதே ட்யூப் டெஸ்ட்.

(அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தைப் பாம்புகிட்ட இருந்து எடுத்துக் கொடுக்குறதுல முக்கியமானவங்க, சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில இருக்குற இருளர் பாம்பு பிடிப்பவர்கள் கூட்டுறவுச் சங்கம். 1978லேர்ந்து இருக்கு. இதுவும் அக்கா சொல்லித் தான் எனக்குத் தெரியும்.)

விடியக்காலை மூணரை மணி. நான் ஹாஸ்டல்ல ரெக்கார்ட் எழுதிக்கிட்டு இருந்தேன். வாட்ஸ்அப்ல ஒரே ஒரு வார்த்தை: "கட்டிடுச்சு". எனக்கு ஒண்ணும் புரியல. காலையில போன் பண்ணிக் கேட்டப்ப தான் மொத்தக் கதையும் சொன்னா. அவ குரல்ல தூக்கமே இல்ல.

ஒரு டிஃபன் பாக்ஸ்

எல்லா நாளும் அப்படி முடியாது. விபத்துல வர்றவங்ககிட்ட இருக்குற பொருளை எல்லாம் எழுதி வாங்கி, சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைக்குறதும் நர்ஸ் வேலை தான். ஒரு நாள் காலையில என் வயசுப் பையன் ஒருத்தன். பைக், ஹெல்மெட் இல்ல. முப்பது நிமிஷத்துக்கு மேல சி.பி.ஆர். பண்ணியும் வரல. அக்கா லிஸ்ட் எழுதினா. வாட்ச் 1, பர்ஸ் 1, செல்போன் 1, டிஃபன் பாக்ஸ் 1. அடுத்து என்ன எழுதறதுன்னு கொஞ்ச நேரம் பேனா ஓடலையாம். அப்புறம் "சாப்பாட்டுடன்"னு சேர்த்து எழுதினா.

கையெழுத்துப் போட வந்தது அவன் அப்பா. அவர் போனதும் அடுத்த 108 வந்துடுச்சு. கை கழுவ மட்டும் நேரம் இருந்துச்சுன்னா. வீட்டுக்கு வந்து அன்னைக்கு அவ சாப்பிடல. அம்மா எதுவும் கேக்கல. எங்க வீட்ல அது ஒரு பழக்கம்.

ஜெர்மன் பாடம்

இப்ப எங்க வீட்ல ஓடுற பெரிய விஷயம் இது. அக்கா தொகுப்பூதியத்துல வேலை பார்க்குறா. அதுல தான் என் ஹாஸ்டல் ஃபீஸும் போகுது. கூடப் படிச்ச ரெண்டு பேர் ஜெர்மனி போயிட்டாங்க. அங்க நர்ஸா வேலை பார்க்க பி2 அளவு ஜெர்மன் தெரியணும். பி1 முடிச்சிட்டா, பி2 பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கா. ராத்திரி போன்ல நான் தான் வார்த்தை கேக்குறது. ஜெர்மன்ல நர்ஸுக்குப் பழைய பேரு "கிராங்கன்ஷ்வெஸ்டர்". ஷ்வெஸ்டர்னா சிஸ்டர். "அங்க போனாலும் விட மாட்டாங்க போலடா"ன்னு சிரிச்சா.

அம்மாவுக்கு அவ போகணும், நல்ல சம்பளம், நிம்மதியான தூக்கம். அப்பாவுக்கு அவ இங்கயே இருக்கணும். நான் கேட்டேன், "உனக்கு என்னக்கா வேணும்?" யோசிச்சு சொன்னா: "இங்க ஆள் பத்தலன்னு தெரிஞ்சும் போறது கஷ்டமா இருக்கு. ஆள் பத்தாததால தான் போகணும்னும் தோணுது." ரெண்டும் உண்மை தான். இன்னும் முடிவு பண்ணல.

நம்மகிட்ட அவ கேக்குறது

இந்தக் கட்டுரை எழுதுறேன்னு சொன்னதும், "உங்க காலேஜ் பசங்களுக்கு இதைச் சொல்லு"ன்னு நாலு விஷயம் சொன்னா.

1. ஹெல்மெட்டை டேங்க் மேல வைக்காதீங்க. தலையில போட்டு ஸ்ட்ராப்பையும் மாட்டுங்க.

2. ரோட்ல அடிபட்டவங்களைப் பார்த்தா பயப்படாம 108க்குக் கூப்பிடுங்க. உதவி பண்றவங்க பேரைச் சொல்லியே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துலயே இந்தப் பாதுகாப்பு இருக்கு. செலவை நினைச்சும் தயங்க வேணாம். 2021 டிசம்பர்ல வந்த "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல, சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகள்ல விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலமா இருந்தாலும் சரி.

3. சி.பி.ஆர். கத்துக்கோங்க. நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 அழுத்தம், பெரியவங்களுக்கு 5லேர்ந்து 6 செ.மீ. ஆழம். என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. நண்பர்களே, அடுத்த கேம்ப்ல இதை வெச்சா நல்லா இருக்கும். ஆள் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு.

4. கேஷுவாலிட்டியில உங்களைக் காக்க வெச்சா கோபப்படாதீங்க. சிவப்புல நீங்க இல்லன்னு அர்த்தம். அது நல்ல செய்தி தான்.