மறையூர் வெல்லமும் மலை இறக்கமும்

சென்ற மார்கழியின் கடைசி வாரத்தில், பொங்கலுக்கு வெல்லம் வாங்கும்பொருட்டு மறையூர் சென்று வந்தோம். பாலக்காட்டுக் கடைகளில் வெல்லம் இல்லையா என்று அன்பர்கள் வினவலாம். உண்டு. ஆயினும், ரயில்வே அலுவலகத்தில் நம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், கொப்பரையிலிருந்து இறக்கிய சூட்டோடு வாங்கிய வெல்லத்தின் பெருமையை மூன்றாண்டுகளாகப் பேசி வந்தார். அவருடைய பழைய காரிலேயே நால்வர் புறப்பட்டோம்.

பனிக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கீழைக்காற்றை, அங்கே குடியிருப்போர் நன்கறிவர். அக்காற்றை எதிர்த்தே விடியுமுன் கிளம்பி, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சியில் சிற்றுண்டி முடித்து, உடுமலைப்பேட்டையை அடைந்தோம். அதுவரை புகைவண்டியிலும் செல்லலாம். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. இடுக்கி மாவட்டத்தில் இன்று ஒரு ரயில் நிலையமேனும் கிடையாது. ஆனைமலைக் காட்டினூடே சென்று, இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடும் சின்னாற்றைக் கடந்து, மலையேறினோம்.

மறையூர் ஒரு மழைமறைவுப் பள்ளத்தாக்கு. மேற்கேயுள்ள மலைகள் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. வேலியிட்டுக் காக்கப்படும் சந்தன மரங்கள் சாலையோரத்தில் நிற்கின்றன. பள்ளத்தில் எங்கும் கரும்பு. வயலருகிலேயே கொட்டகை அமைத்துச் சாறு பிழிந்து, கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுகின்றனர். பாகு இறுகும் பதத்தில், சூடு ஆறுமுன் வெறுங்கையால் உருட்டுகின்றனர். ஒவ்வோர் உருண்டையிலும் விரல்தடம் பதிந்திருக்கக் காணலாம். இவ்வெல்லத்திற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

கொட்டகையில் இருந்த பெரியவர் தமிழிலேயே வரவேற்றார். அடுத்த தெரு மனிதரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி நமக்கு. ஆனால், விலை பேசத் தொடங்கியதும் உறவை மறந்தோம். கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் வாதாடினோம். பெரியவர் சிரித்துக்கொண்டே குறைத்தார். நால்வருக்குமாக முப்பது கிலோ வாங்கிக்கொண்டோம்.

இருட்டுமுன் காட்டைக் கடக்க வேண்டுமென்று பிற்பகலிலேயே திரும்பினோம். மறையூரைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் நண்பர், பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்லிக் காரை நியூட்ரலில் உருளவிட்டார். நமக்கு உடனே நெஞ்சு துணுக்குற்றது. செங்குத்தான மலைப்பாதைகளில் தறிகெட்டு வரும் புகைவண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்துவதற்கென்றே கிளைத் தண்டவாளங்கள் அமைத்திருக்கும் துறையில் சம்பளம் வாங்குகிறவர்கள் நாம். எனினும், காருக்கு உடையவர், அழைத்து வந்தவர், வயதில் மூத்தவர். அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல், வேறு கதை பேசினோம்.

மூணாற்றில் ஒரு காலத்தில் ரயில் ஓடிய கதை அது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. வெள்ளம் வரை சொல்லி முடிக்குமுன், கருகிய நாற்றம் எழுந்தது. நண்பர் பிரேக்கை முழுதும் அழுத்தியும் வேகம் தணியவில்லை. வலப்புறம் பள்ளம். நல்லவேளையாக அவர் இடப்புறம் மலையடியை நோக்கித் திருப்பினார். முன்சக்கரம் ஓடையில் இறங்கி, கார் முனகிக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. மூட்டை அவிழ்ந்து, வெல்ல உருண்டைகள் காலடியெங்கும் உருண்டன.

யானை நடமாடும் இடம், இறங்கவும் அச்சம். கால்மணி நேரத்தில், கரும்பு வெட்டும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. அவர்களுள் இருவர் காலையில் நாம் கண்ட கொட்டகையில் வெல்லம் உருட்டியவர்கள். எண்மர் சேர்ந்து தூக்கி, காரைச் சாலையில் நிறுத்தினர். சக்கரங்கள் ஆறும்வரை உடனிருந்தனர். பணம் நீட்டினோம், ஒருவரும் கைநீட்டவில்லை.

அவர்களுள் மூத்தவர், "ஏறின கியரிலேயே இறங்கணும் தம்பி, இது உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்று சொல்ல நாணினோம்.

ஊர் திரும்பியபின் பழுது பார்ப்பவர் ஒன்று சொன்னார். இக்காலத்துக் கார்கள் கியரில் இறங்கும்போது, முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு எரிபொருள் செல்வதே நின்றுவிடுமாம். நியூட்ரலில் எஞ்சின் ஓடுவதற்குத்தான் எரிபொருள் செலவாகுமாம். ஆக, மிச்சமென்று நினைத்ததும் மிச்சமில்லை.

பொங்கலன்று வெல்லத்தை உடைக்கையில், உருண்டையில் பதிந்த விரல்தடம் கண்ணில் பட்டது. ஐந்து ரூபாய்க்கு வாதாட நீண்ட நம் நாக்கு, நான்கு உயிர்களுக்காக ஒரு சொல் சொல்லக் கூசியதே என்று வெட்கினோம். பண்டிகைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் பலர் இம்மலைப்பாதைகளில் இறங்குவீர்கள். ஓட்டுபவர் நண்பராயினும் மாமனாராயினும், வருந்துவாரே என்று வாய் மூடியிராதீர்கள். அவர் ஒருநாள் முகம் சுளித்தாலும், மறுநாள் உங்களோடு இருந்து பொங்கல் உண்பார்.