ஒதுக்கியதும் கிடைத்ததும்

வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட்ட மறுநாள், கல்விக்கு இத்தனை பில்லியன், சுகாதாரத்துக்கு இத்தனை பில்லியன் எனப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் தலைப்பிடுவது வழமை. பாராளுமன்றச் செய்தியாளனாகப் பல ஆண்டுகள் இவ்விவாதங்களைக் கேட்டவன் என்ற வகையில் ஒன்று சொல்லலாம். சபை அங்கீகரிப்பது பணத்தையன்று, செலவிடும் அனுமதியையே.

அரசியலமைப்பின் 150ஆம் உறுப்புரையின்படி நிதியமைச்சர் ஒப்பமிட்ட ஆணையின்றித் திரட்டு நிதியத்திலிருந்து ஒரு சதமும் எடுக்க இயலாது. அதன்பின்னரும் திறைசேரி தன் கையிருப்பைப் பார்த்துப் பகுதி பகுதியாகவே பணத்தை விடுவிக்கும். வருமானம் குறைந்தால் சம்பளத்தையோ ஓய்வூதியத்தையோ கடன் வட்டியையோ நிறுத்த முடியாது. ஆகவே வெட்டு விழுவது வகுப்பறைக் கட்டடத்திலும் நோயாளர் விடுதியிலும்தான். 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின் மாகாணங்களின் பொறுப்பில் வந்த பாடசாலைகளுக்கு அப்பணம் சென்றுசேரும் வழி இன்னும் நீளமானது.

வன்னியில் ஒரு பாடசாலையில், துருவேறிய கம்பிகளுடன் தூண்கள் மட்டும் நின்றன. "காசு கார்த்திகையிலதான் வந்தது. இந்த மழைக்குள்ள என்னத்தைக் கட்டுறது?" என்றார் அதிபர். வடக்கில் அது மாரிகாலம். டிசம்பர் 31 உடன் நிதியாண்டு முடிய, அனுமதியும் முடிந்துவிடும். எஞ்சியது 'செலவிடப்படாத நிதி' எனப் பதிவாகும். அடுத்த ஆண்டு, அவர்களுக்குச் செலவிடும் ஆற்றல் இல்லை என்ற பேச்சு எழும். இந்தக் கடைசிப் பழியைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

மருந்தின் கதை வேறு. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்தியபோது தட்டுப்பட்டது ரூபாவன்று, டொலர்.

ஒதுக்கிய பணம் கிடைக்காமலே போகலாம் என்பதை நாடறியக் காட்டியது 2023. உள்ளூராட்சித் தேர்தலுக்கென ஒதுக்கிய நிதியைத் தடுத்து வைக்கலாகாதென மார்ச் 3 அன்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆயினும் மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. தேர்தலுக்காக நீதிமன்றம் செல்லக் கட்சிகள் இருந்தன. அந்தத் தூண்களுக்காக யார் செல்வார்?

ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பது ஆண்டு முடிந்தபின் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகளில் வருகிறது. அவை சபைக்கு வரும் நாட்களில் செய்தியாளர் கலரியில் இடம்பிடிக்க நான் ஒருபோதும் முந்தவேண்டியிருந்ததில்லை.