குளிர்ந்த மூலை

பாம்பைக் குளிர் இரத்தப் பிராணி என்று சொல்லும் பழக்கம் பாடப் புத்தகங்களிலிருந்து வந்தது. தவறான சொற்சேர்க்கை. காலை வெயிலில் கிடந்துவிட்டுப் போகிற பாம்பின் இரத்தம் நம் இரத்தத்தைவிடச் சற்றே குறைந்த சூட்டில் இருக்கக்கூடும். வெப்பத்தை உள்ளுக்குள்ளேயே உண்டாக்கித் தரும் அடுப்புதான் அதனிடம் இல்லை. நாம் தின்பதில் பெரும் பகுதியை அந்த அடுப்பில் போட்டு எரித்துக்கொண்டிருக்கிறோம். பாம்பு வேண்டும்போது வெயிலுக்கும் போதுமென்றானபின் நிழலுக்குமாக நகர்ந்து தன் சூட்டைத் தானே நிர்ணயித்துக்கொள்கிறது. நமக்குப் பிரக்ஞையின்றி நடப்பது அதற்கு ஒரு காரியம். எட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பவன் என்ற முறையில் இந்த வித்தியாசம் எனக்கு வெறும் சொற்பிரச்னை அல்ல.

எட்டும் ஒரே இனம். பால் பைத்தன் என்கிறார்கள். பாம்புக்குப் பால் வார்க்கும் நம் பழக்கத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. இந்தப் 'பால்' பந்து. பயந்தால் தலையை நடுவே ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் தேசத்துப் புல்வெளிகளைச் சேர்ந்தது. பகலில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கிடக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்ற நம் பழமொழி அங்கேயும் செல்லுபடியாகிறது. நம் ஊர்ப் பாம்பு எதையும், சாரையைக்கூட, வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அயல்நாட்டுப் பிராணிகள் விஷயம் வெகுகாலம் மங்கலாக இருந்தது. 2020-இல் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என்றது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024-இன் விதிகளின்படி ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாறுதல் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். என் எட்டும் பதிவில் உள்ளவை. முதல் இரண்டும் நான் விரும்பி வாங்கியவை. மற்ற ஆறும் வைத்துக்கொள்ள முடியாமல் பிறர் கொண்டுவந்து தந்தவை.

சென்னையில் இருந்தவரை வெப்பம் ஒரு பிரச்னையாகத் தெரியவில்லை. மே மாதத்தில் குளிர்ச்சிக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. மாற்றலில் ஊட்டிக்கு வந்தபிறகு நிலைமை தலைகீழாயிற்று. ஜனவரியில் என் வீட்டுக்குள் விடியற்காலையில் 12 டிகிரிதான். மாடியில் எட்டுப் பெட்டிகள் ராப்பகலாக மின்சாரத்தில் ஓடுவதை அறிந்த கீழ்வீட்டு அம்மாள், வீட்டுக்குச் சொந்தக்காரர், ஒருநாள் கேட்டார்:

"எங்களுக்கெல்லாம் கம்பளியே போதுதே தம்பி. அதுக்கு மட்டும் கரண்டு எதுக்கு? ரெண்டு கம்பளியைப் போட்டு மூடிட்டா என்ன?"

"கம்பளி சூடு தராதும்மா. நம்ம சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும், அவ்வளவுதான். இதுங்ககிட்ட பிடிச்சு வைக்க ஒண்ணும் இல்ல."

"அப்ப போத்தினா?"

"குளிர்ந்தது குளிர்ந்தபடியே கிடக்கும்."

சிறிது யோசித்துவிட்டு, "பாவம்" என்றார். அதன்பிறகு கரண்டைப் பற்றிப் பேசவில்லை.

கம்பளி விஷயத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். அடைகாக்கும் ஆசிய மலைப்பாம்பு, முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை விட்டுவிட்டுச் சுண்டி, நடுங்கி, சுற்றுப்புறத்தைவிடப் பல டிகிரி அதிகமாகத் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். இதை அளந்து எழுதிய ஆய்வு 1966-இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வந்தது. அந்த இரண்டு மாத காலத்துக்கு மட்டும் அதற்கு ஓர் அடுப்பு உண்டு, அதுவும் தனக்காக அல்ல. என்னிடம் இருக்கும் இனத்துக்கு அதுகூடக் கிடையாது. முட்டைகளை இறுகச் சுற்றிக்கொள்ளும், நடுங்காது.

ஆகவே வெப்பம் வெளியிலிருந்து வர வேண்டும். அதைவிட முக்கியம், வந்த வெப்பத்தைவிட்டு விலகிப் போக இடம் இருக்க வேண்டும். பாம்புக்குப் பெட்டி செய்வதில் உள்ள சகல தொழில்நுட்பமும் இந்த இரண்டாவது வாக்கியத்தில் அடக்கம். என் பெட்டி ஒவ்வொன்றும் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். பிளைவுட், கண்ணாடி சூட்டை வேகமாக இழந்துவிடும் என்பதால் முன்பக்கம் மட்டும் நகர்த்துகிற கண்ணாடி. தரையில் தேங்காய் நார்த்தூள். ஒரு முனையில், வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்பு; பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வெந்துவிடாதபடி கம்பிக் கூண்டு. அந்த முனை 31, 32 டிகிரி. எதிர் முனை 25, 26. நடுவில் உள்ள 4 அடி தூரத்தில் இந்த ஆறேழு டிகிரியும் படிப்படியாக இறங்குகின்றன.

ஒளிந்துகொள்ள இரண்டு முனைகளிலும் ஒரே மாதிரியான மறைவிடம் வைக்க வேண்டும். கவிழ்த்துப்போட்டு வாயில் ஓட்டை செய்த மண்சட்டி போதும். ஒரே ஒரு சட்டியைச் சூடான பக்கம் மட்டும் வைத்தால் பாம்பு இரண்டு தேவைகளுக்கிடையே மாட்டிக்கொள்ளும். பயந்த பாம்பு, சூடு தாங்காவிட்டாலும் மறைவைவிட்டு வெளியே வராது. பார்ப்பவர்களுக்கு அது சௌகரியமாக உறங்குவதுபோலத்தான் இருக்கும். பாம்புக்கு இமையும் இல்லை, முகபாவமும் இல்லை. அதன் அசௌகரியத்தை அது எங்கே கிடக்கிறது என்பதிலிருந்து மட்டுமே படிக்க முடியும். இரண்டு இடங்களைத் தராதவன் அதைப் படிக்கும் வாய்ப்பையும் இழக்கிறான்.

கருவிகளை நம்பவும் கூடாது, நம்பாமலும் முடியாது. சூட்டுப் பாய் ஒன்றைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் விட்டால் 45 டிகிரியைத் தாண்டிவிடும். அடிவயிறு வெந்த பின்பும் பாம்பு அதன்மேல் கிடப்பதுண்டு. தெர்மோஸ்டாட்டின் உணர்முனை இடம் பெயர்ந்து குளிர்ந்த பக்கம் விழுந்துவிட்டால், கருவி இன்னும் குளிர்கிறது என்று நினைத்து மேலும் மேலும் சூடேற்றும். எட்டு உணர்முனைகளையும் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒருமுறை, இரவில் ஒருமுறை பார்க்கிறேன். 80 வாட் வீதம் எட்டு பல்புகள், பாதி நேரம் எரிந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 8 யூனிட். ஊட்டியில் குளிர்ந்த மூலைக்கும் செலவு உண்டு. அறை 12 டிகிரியில் இருக்கும்போது 25 டிகிரி தானாக வராது. பெட்டிகளின் பின்னால் தெர்மோகோல் பலகைகளை அடைத்துத்தான் அதை எட்ட முடிந்தது.

இதைவிட விசித்திரமானது ஈரம். வெளியே மூடுபனி கண்ணை மறைக்கும், பெட்டிக்குள் பாலைவனம். 12 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் உள்ள நீர் குறையாமலே, ஈரப்பதம் 30 சதவீதமாகிவிடுகிறது. அந்தக் காற்றில் சட்டை முழுதாகக் கழலாது. துண்டுதுண்டாக உரியும், கண்மேல் படலம் தங்கிவிடும். ஜன்னலில் நீர் வழிந்துகொண்டிருக்கும் அறையில் நின்றுகொண்டு பெட்டிக்குள் தண்ணீர் தெளிக்கிறேன்.

ஆடிக் காற்றில் மரம் கம்பிமேல் விழுந்து மின்சாரம் போவது இங்கே சாதாரணம். வெறும் வயிற்றுப் பாம்பு ஓரிரவுக் குளிரைத் தாங்கும். இரை எடுத்த பாம்பு தாங்காது. சூடில்லாமல் ஜீரணம் நின்று, இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். ஆகவே காற்று பலமான வாரங்களில் இரை போடுவதில்லை. வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருக்கிறேன்.

இவ்வளவு பிரயாசையும் அநாவசியம் என்கிறார் பெங்களூரில் என்னைவிட அதிகம் பாம்புகள் வைத்திருக்கும் நண்பர். அவரிடம் ராக் இருக்கிறது. இரும்பு அலமாரியில் இழுப்பறைகள்போல வரிசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள், பின்புறம் நெடுக ஒரே சூட்டுப் பட்டை, ஒரே தெர்மோஸ்டாட். என் ஒரு பெட்டிக்கான இடத்தில் அவர் பத்து வைப்பார். அவர் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. இந்தப் பாம்பு வளையில் வாழ்வது; இருட்டும் நெருக்கமும் அதற்குப் பிடிக்கும்; பெரிய பெட்டியில் இரை மறுக்கும் சில, டப்பாவில் உடனே தின்னும். எல்லாம் நிஜம். ஆனால் காட்டில் அது இரவில் வளையைவிட்டு வெளியே வருகிறது. டப்பாவில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கலாம். அதற்காக நகர வேண்டிய தூரம் பாம்பின் உடம்பைவிடக் குறைவு. தலை சூட்டிலும் வால் குளிரிலுமாக அது ஒரே சமயத்தில் இரு முனைகளிலும் கிடக்கிறது. தின்கிறது, வளர்கிறது, முட்டையிடுகிறது. தேர்வது மட்டும் இல்லை.

நம் பட்டியல் விமர்சனம் எனக்கு இந்த ராக்கைத்தான் நினைவூட்டுகிறது. இருபது கவிஞர்கள், ஆளுக்கு ஒரு வாக்கியம், எல்லோர்மீதும் ஒரே அளவான இளஞ்சூடு. யாருக்கும் அதில் சேதமில்லை. ஒரு படைப்பு நம்மைவிட்டு விலகிக் குளிர்ந்த மூலையில் போய்க் கிடப்பதற்கு இடம் விட்டு எழுதும் விமர்சகன் குறைவாகத்தான் எழுத முடியும்.

பாம்புக்கு வீடு தருவதில் இதற்கு நேரெதிரான, மிகச் சிக்கனமான உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தில் நல்ல பாம்பையும் விரியனையும் மண்பானைகளில் வைத்திருப்பார்கள். மண் கொஞ்சம், வாயில் துணிக்கட்டு, அவ்வளவுதான். பார்த்தபோது என் பெட்டிகளும் பல்புகளும் ஆடம்பரமாகத் தோன்றின. ஆனால் அந்தப் பானையின் நியாயம் அதன் கெடுவில் இருக்கிறது. சில வாரங்களுக்குள் சிலமுறை விஷம் எடுத்துவிட்டு, அடிச்செதிலில் அடையாளம் இட்டு, காட்டில் விட்டுவிடுகிறார்கள். என் பெட்டிகளுக்குக் கெடு கிடையாது. இந்த இனம் கூண்டில் 30 வருஷம் சாதாரணமாக இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயி மிருகக்காட்சி சாலையில், 62 வயதுக்குக் குறையாதென்று கணித்த ஒன்று, பல வருஷங்களாக ஆண் துணையே இல்லாமல் 2020-இல் முட்டையிட்டது. போவதற்கு வேறிடமில்லாத ஒன்றுக்குப் பெட்டிக்குள்ளேயாவது போவதற்கு இடம் வேண்டும்.

ஒன்பதாவது சென்ற மாதம் வந்தது. வைத்திருந்தவர் வெளிநாடு போகிறார். நான் மறுத்தால் குன்னூர்ப் பக்கம் ஏதாவது சோலையில் விட்டுவிடுவதாகச் சொன்னார். அதை ஒரு கருணைச் செயலாகவே நினைத்திருந்தார். முதல் பனிக்காலத்தைத் தாண்டாது என்பதோடு, அது அந்தச் சோலையின் பாம்பும் அல்ல. பெங்களூர் நண்பரிடம் ஒரு டப்பா காலியாக இருந்தது. என்னிடம் சுவர் இல்லை. வெளிச்சுவர்கள் எல்லாம் குளிர்காலத்தில் வியர்ப்பவை. உட்சுவர்களில் எட்டுப் பெட்டிகள் போக மீதி இருந்ததில் என் புத்தக அலமாரி நின்றது. 'எழுத்து' தொகுதிகள், நின்றுபோன பத்திரிகைகளின் உதிரி இதழ்கள். இவற்றைத் திரட்ட எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று. பாதியை மறுபடி வாங்க முடியாது.

அலமாரி இப்போது நடையில், வடக்குச் சுவரோரம் நிற்கிறது. இதழ்களைப் பாலிதீன் உறைகளில் போட்டு வேப்பிலை வைத்திருக்கிறேன். பூஞ்சை வரும், எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கேள்வி. எனக்குப் பிரியமானது எது என்று யாராவது கேட்டால் இன்றும் அந்த இதழ்களைத்தான் சொல்வேன். ஒன்பதாவது பாம்பின்மேல் எனக்குப் பிரியம் என்று ஒன்றும் ஏற்பட்டுவிடவில்லை. அதற்கு என்னைத் தெரியாது. உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணரும் அதன் உலகில் நான் சுமார் 37 டிகிரியில் வந்துபோகும் ஓர் உருவம். பத்தாவதைப் பற்றி விசாரிப்பவர்களிடம் சுவர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வந்து மூன்று வாரமாகியும் அது இரை எடுக்கவில்லை. இந்த இனத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது உண்டு என்பதால் கவலைப்படவில்லை. காலையில் பார்க்கும்போது நார்த்தூளில், ஒரு சட்டியிலிருந்து மற்றதற்குப் புதிதாக ஒரு தடம் இருக்கிறது.