வரிகளை எடுத்த பிறகு

ராக் இசையின் வரலாற்றைத் தமிழில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பதிப்பகம் எதையும் தேடிப் போகவில்லை. சேமிப்பில் கைவைத்து நானே போட்டுக்கொள்வது என்று இறங்கினேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றிலிருந்து நாலு வரியைச் சாய்வெழுத்தில் வைத்தேன். பக்கம் பார்க்க அழகாக இருந்தது. இசைத்தட்டைக் காசு கொடுத்துத்தானே வாங்கினோம், வரியைப் போட்டால் என்ன என்று நினைத்தேன்.

அச்சகத்தில் முதல் சில பாரங்கள் ஓடிவிட்டன. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் சொல்லட்டும் என்று அப்போதுதான் வக்கீல் நண்பர் ஒருவரிடம் மெய்ப்பைக் கொடுத்தேன்.

"இந்த வரிகளுக்கெல்லாம் அனுமதி வாங்கிட்டீங்களா?" என்றார்.

பாட்டு வரியும் சட்டப்படி இலக்கியப் படைப்புதான். எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை இந்தியாவில் அதற்கு உரிமை உண்டு. "விமர்சனத்துக்காக மேற்கோள் காட்ட இடமிருக்கே" என்றேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவை நானும் படித்திருந்தேன். அவர் மூன்றாம் அத்தியாயத்தை விரித்து என் பக்கம் திருப்பினார்.

"சரி, இந்த நாலு வரியைப் பத்தி உள்ளே என்ன எழுதியிருக்கீங்க?"

தேடினேன். ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினேன். அதிலும் இல்லை. பாட்டு வெளிவந்த ஆண்டு, இசைத்தட்டு நிறுவனம், விற்பனைப் பட்டியலில் பிடித்த இடம் எல்லாம் இருந்தன. அது காதில் எப்படி விழுகிறது என்று மட்டும் எங்குமே இல்லை. அந்த வேலையை அடுத்தவர் வரிகளிடம் விட்டுவிட்டிருந்தேன்.

ஓடிய பாரங்கள் எடைக்குப் போயின. ஜனவரி புத்தகக் காட்சி கைநழுவியது.

வரிகளை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்க உட்கார்ந்தேன். 1951இல் வந்த 'ராக்கெட் 88' பாட்டில் ஒரு கரகரப்பு. மெம்ஃபிஸில் பதிவுக்கு வரும் வழியில் ஆம்ப்ளிஃபையர் சேதமாகி, ஸ்பீக்கரில் காகிதத்தை அடைத்து ஒப்பேற்றியதால் வந்தது. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்காக வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்தார். இரண்டுக்கும் நடுவே, 1958இல், பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்ட லிங்க் ரேயின் 'ரம்பிள்'. வெறும் கருவியிசை. ஆனாலும் இளைஞர்களைச் சண்டைக்குத் தூண்டும் என்று அமெரிக்காவில் சில வானொலி நிலையங்கள் அதைத் தடை செய்தன.

என் முதல் கைப்பிரதியில் 'ரம்பிள்' இல்லவே இல்லை. தலையில் எடுத்து வைக்க அதில் வரி கிடையாதே.

இப்போது மூன்றாம் அத்தியாயம் அதில்தான் தொடங்குகிறது: இடைவெளி விட்டு விழும் கனத்த கிட்டார் கார்டுகள், முடிவை நெருங்க நெருங்க நடுங்கத் தொடங்கும் ஒலி. அந்த ஒரு பத்திக்காக அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.